ஷேடு பார்ப்பவன் டிவி வாங்கினால்

எங்கள் வீட்டு ஆசாரத்தில் (முன் கூடத்தில்) இப்போது ஓடிக்கொண்டிருப்பது எல்ஜி சி4 ஓஎல்இடி, 55 அங்குலம். 2024-ல் வந்த மாடல். அடுத்த வருடத்து சி5 கடைக்கு வந்து, பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடும் நேரத்தில் வாங்கினேன். படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு கொடுப்பேன். சத்தத்துக்கு நாற்பத்தைந்து. போட்ட காசுக்கு எண்பது. அதற்காக எல்லோரும் இதையே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். காங்கேயத்தில் இருக்கும் என் மச்சான் இதைப் பார்த்துவிட்டு "எனக்கும் ஒண்ணு பேசி முடிச்சுடுங்க மாப்ள" என்றபோது, உங்கள் வீட்டுக்கு இது ஆகாது என்று சொல்லி வேறு டிவி வாங்க வைத்தேன். இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் வெளிச்சம்தான்.

என் பிழைப்பு அப்படி. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் இருக்கிறேன். துணி வாங்கும் பையர் அனுப்பும் துண்டுத் துணிக்கு ஈடாக லேப் டிப் (சின்னத் துணியில் சாய மாதிரி) போட்டு, ஷேடு ஓகே ஆகும் வரைக்கும் மல்லுக்கட்ட வேண்டும். துணியை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. அதற்கென்று லைட் பாக்ஸ் இருக்கிறது. உள்ளே சாம்பல் நிறப் பெயிண்ட், மேலே வகைவகையான விளக்குகள். பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை ட்யூப்லைட்டுக்கு டிஎல்84, வீட்டு மஞ்சள் பல்புக்கு ஒன்று. டி65-ல் அச்சு அசலாகப் பொருந்தும் துணி டிஎல்84-ல் சிவப்படிக்கும். அதனால் எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்று தெரியாமல் எந்த நிறத்தையும் நான் நம்புவதில்லை.

இந்தப் பழக்கத்தோடு டிவி கடைக்குள் போனால் தலை சுற்றும். கூரை முழுக்க எல்இடி விளக்கு. சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் தேன் வழிகிறது, பஞ்சவர்ணக் கிளி சிறகை விரிக்கிறது, ராத்திரி நகரம் மின்னுகிறது. எல்லா டிவியும் கடைக்கான மோடில், வெளிச்சத்தை முழுசாகத் திறந்துவிட்டு ஓடுகின்றன. அந்த வெளிச்சத்தில் நாற்பதாயிரம் ரூபாய் எல்இடி டிவியும் ஒன்றேகால் லட்சம் ரூபாய் ஓஎல்இடியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் சொல்வது கஷ்டம். சில நேரம் விலை குறைந்ததுதான் பளிச்சென்று தெரியும்.

திருப்பூரில் ஒரு கடையில், மோடை மாற்றிக் காட்டச் சொன்னதற்கே "ரிமோட் மேனேஜர்கிட்ட இருக்குங்ணா" என்றார்கள். கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடையில் நல்ல பையன் ஒருவர் மாட்டினார். "கூட்டம் கொறஞ்சதுக்கப்புறம் ஒம்பது மணிக்கு மேல வாங்கண்ணா, அந்தப் பக்கத்து லைட்ட அணைச்சுடறேன்" என்றார். சொன்னபடியே அணைத்தார். பென்டிரைவில் நான் கொண்டுபோனவை அழகான காட்சிகள் இல்லை. சாம்பல் நிறப் படங்கள்: ஐந்து சதவீதம், பத்து சதவீதம், அப்படியே வெள்ளை வரைக்கும். அப்புறம் கறுப்புப் பின்னணியில் சின்ன வெள்ளைக் கட்டம் ஒன்று. பையன் பாவம், 'இதைப் பார்க்கவா இந்த நேரத்தில் வந்தான்' என்கிற மாதிரி பார்த்தார். ஆனால் விளக்கு அணைந்ததும் அவரே "அட, எல்இடியில அந்தக் கட்டத்தச் சுத்தி பொகை மாதிரி தெரியுதுங்ணா" என்றார்.

அந்தப் புகைதான் விஷயம். சாதாரண எல்இடி டிவி என்று நாம் சொல்வது உள்ளபடிக்கு எல்சிடி. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்; முன்னால் இருக்கும் திரவப் படிகம் கதவு மாதிரி அதை மறைக்கும். கதவு முழுசாகச் சாத்தாது, கசியும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. 4கே திரையில் இருக்கும் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகளும் தாமே எரியும், தாமே அணையும். கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்து கிடக்கும். இருட்டறையில் கறுப்புப் படம் போட்டால் டிவி ஓடுகிறதா என்றே தெரியாது. 1987-ல் கோடாக் கம்பெனியில் டாங், வான் ஸ்லைக் என்ற இரண்டு பேர் செய்து காட்டிய கரிமச் சேர்மத்து விளக்கு இது. சோனி 2007-ல் 11 அங்குலத்தில் முதல் ஓஎல்இடி டிவியைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2013-ல் எல்ஜி 55 அங்குலத்தில் விற்க ஆரம்பித்தது.

இதிலும் இரண்டு ஜாதி உண்டு. வாங்கும் முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். எல்ஜி டிஸ்ப்ளே செய்வது வெள்ளை ஓஎல்இடி: வெள்ளை வெளிச்சத்தின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி, கூடவே வடிகட்டி இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி. சாம்சங் டிஸ்ப்ளே 2022 முதல் செய்வது கியூடி ஓஎல்இடி: நீல வெளிச்சம், அதில் பட்டுச் சிவப்பையும் பச்சையையும் உமிழும் குவாண்டம் டாட் துகள்கள். டிவியின் மேல் இருக்கும் பெயரை வைத்து இதைச் சொல்ல முடியாது. சோனியின் பிராவியா 8-ல் இருப்பது வெள்ளை ஓஎல்இடி. அதே சோனியின் ஏ95எல்-லில் இருப்பது சாம்சங் பேனல். சாம்சங் எஸ்90டி-யில் அளவையும் விற்கும் நாட்டையும் பொறுத்து இரண்டில் எதுவும் இருக்கலாம்.

எங்கள் தொழிலில் கறுப்பு போடுவதுதான் கஷ்டம். வெளியாட்களுக்குக் கறுப்பு என்றால் கறுப்பு. எங்களுக்கு அதில் சிவப்பு டோன் கறுப்பு, பச்சை டோன் கறுப்பு, நீல டோன் கறுப்பு என்று இருக்கிறது. பையர் எதைக் கேட்டாரோ அது வர வேண்டும். டிவியிலும் அப்படித்தான். விளக்கை அணைத்தால் இரண்டு ஜாதி பேனலும் ஒரே கறுப்பு. விளக்கைப் போட்டால் கியூடி ஓஎல்இடியின் கறுப்பு லேசாக ஊதா கலந்த சாம்பலுக்கு ஓடும். மற்றதில் இருக்கும் போலரைசர் தாள் (வெளி வெளிச்சம் பட்டுத் திரும்புவதை அடக்கும் தாள்) இதில் இல்லை. அதனால் அறை வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. எல்ஜி பேனலில் விளக்கு எரிந்தாலும் கறுப்பு கறுப்பாகவே நிற்கும், ஆனால் கண்ணாடி மாதிரி எதிரில் இருப்பதெல்லாம் தெரியும்.

நிறம் வேறு கதை. இருட்டில் பளபளக்கும் அரக்குச் சிவப்பு, மயில்கழுத்து நிறமெல்லாம் கியூடி ஓஎல்இடியில்தான் அழகு. எல்ஜி முறையில் ரொம்பப் பிரகாசமான இடத்தில் வெள்ளைப் புள்ளியும் சேர்ந்து எரிவதால், அடர் நிறம் கொஞ்சம் வெளிறும். சாயத்தில் தண்ணீர் கூடினால் ஷேடு இறங்குமே, அந்த மாதிரி. தனி ஹோம் தியேட்டர் ரூம் கட்டி, ஜன்னலே இல்லாமல் வைத்திருப்பவராக இருந்தால் நானே கியூடி ஓஎல்இடியைத்தான் சொல்வேன். எங்கள் வீடு அவிநாசிக்கு வடக்கே, சேவூர்ப் பக்கம். கிழக்கு வாசல், பொழுது சாயும் வரை கதவு திறந்தே கிடக்கும். யாராவது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். ராத்திரியிலும் சாமி படத்துப் பக்கம் ஒரு விளக்கு எரியும். ஊதாக் கறுப்பை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருக்க முடியாது. எல்ஜி பேனல் என்று முடிவானது அங்கேதான்.

பிறகு சோனியா எல்ஜியா என்பதுதான் மிச்சம். பிராவியா 8-ஐயும் சி4-ஐயும் ஒரே படத்தைப் போட்டுப் பார்த்தேன். நகரும் காட்சியிலும், தரம் குறைந்த வீடியோவைச் சுத்தம் செய்வதிலும் சோனி ஒரு படி மேலே. ஒத்துக்கொள்கிறேன். சத்தமும் சோனியில் வித்தியாசம்: திரைக்குப் பின்னால் அதிர்வுக் கருவிகளை வைத்து, திரையையே ஸ்பீக்கராக்கியிருக்கிறார்கள். பேசும் ஆள் இருக்கும் இடத்திலிருந்தே குரல் வருவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்குச் சொன்ன விலையில் முப்பதாயிரத்துக்கு மேல் கூட. அதோடு நான்கு ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் இரண்டு மட்டும்தான் 2.1 (கேம் கன்சோலின் முழு வேகத்துக்கு ஏற்ற வகை), அதில் ஒன்று சவுண்ட்பாருக்குப் போய்விடும். சி4-ல் நான்கும் 2.1. கல்லூரியில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வந்தால் கேம் கன்சோலும் வரும், அவன் சிநேகிதன் கன்சோலும் வரும். அந்தக் கணக்கில் எல்ஜி ஜெயித்தது.

எல்ஜியிலேயே பி4 இன்னும் விலை குறைவு. பிராசஸர் ஒரு படி கீழே, பிரகாசம் கம்மி, ஸ்பீக்கர் சி4-ன் 40 வாட்டுக்குப் பதில் 20 வாட். சவுண்ட்பார் எப்படியும் வாங்குவேன், இருட்டில்தான் பார்ப்பேன் என்கிறவர் தாராளமாக பி4 வாங்கலாம். மேலே இருக்கும் ஜி4 வெளிச்சமான ஆசாரத்துக்கு நல்லதுதான், விலைதான் எட்டவில்லை. காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைச் சரிசெய்ய டால்பி விஷன், ஹெச்டிஆர்10 பிளஸ் என்று இரண்டு பட முறைகள் உண்டு; சாம்சங்கில் இதுவரை முதலாவது கிடையாது, எல்ஜியில் இரண்டாவது கிடையாது. இதை ஒரு பெரிய சண்டையாகப் பேசுவார்கள். நெட்ஃப்ளிக்ஸ் 2025-ல் ஹெச்டிஆர்10 பிளஸ்ஸையும் சேர்த்துக்கொண்டதற்கப்புறம் அந்தச் சண்டையில் பாதி காற்று இறங்கிவிட்டது.

டிவியை மாட்டிய அன்றைக்கு நான் முதலில் செய்தது, படத்தை 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாற்றியது. வீட்டில் கலவரம். "ஏனுங்க, இத்தன ரூவா குடுத்து வாங்கிட்டு மஞ்சக்காமாலை வந்தாப்ல வெச்சிருக்கீங்க" என்றாள் என் மனைவி. விஷயம் இதுதான். பளிச் மோடில் வெள்ளை என்பது நீலம் கலந்த வெள்ளை. நம் கண்ணுக்குப் பழைய டிவியிலிருந்து அதுவே பழகிவிட்டது. சினிமா எடுப்பவர்கள் நிறம் சரிசெய்யும் மானிட்டரில் வெள்ளை என்பது டி65. எங்கள் லைட் பாக்ஸில் எரியும் அதே பகல் வெளிச்சம். ஃபிலிம்மேக்கர் மோடு அதற்குக் கிட்டத்தில் வைத்துவிடுகிறது. துணியைப் போலவே டிவியிலும் நிறப் பிசகை 'டெல்டா ஈ' என்ற எண்ணால்தான் அளக்கிறார்கள். எங்கள் லேபில் ஒன்றுக்கு மேல் போனால் பையர் முகம் சுளிப்பார்; டிவிக்கு மூன்றுக்குள் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். ஒரு வாரம் அப்படியே விட்டேன். அப்புறம் பழைய மோடை வேண்டுமென்றே போட்டுக் காட்டினேன். "அய்ய, இதென்ன, எல்லாரும் பவுடர் அடிச்சாப்ல" என்றாள். அதற்கப்புறம் மோடைப் பற்றிப் பேச்சில்லை. பகலில் மட்டும் அது இருட்டாகத் தெரியும். அப்போது 'சினிமா' மோடுக்குப் போய்ப் பிரகாசத்தைக் கூட்டிக்கொள்கிறோம்.

ஆளும் அம்புமாக மாட்ட வந்தவர்கள் கிளம்பும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஐந்து சதவீதச் சாம்பல் படத்தை விளக்கணைத்துவிட்டுப் போடுங்கள். செங்குத்தாகக் கோடு கோடாகத் தெரியலாம். லேசாக இருந்தால் சகஜம், நாளடைவில் குறையும். பட்டையாக, படம் ஓடும்போதே தெரிகிற மாதிரி இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். அப்புறம் முழு வெள்ளைப் படம்: ஒரு ஓரம் இளஞ்சிவப்பு, மறு ஓரம் பச்சை என்று ஓடுகிறதா என்று பாருங்கள். எனக்கு வந்த டிவியில் வலது ஓரத்தில் ஒரு துளி பச்சை உண்டு. என் மாதிரி ஆளுக்குத்தான் அது தெரியும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோருக்கும் தெரிய ஆரம்பித்துவிடும்.

நல்ல 4கே படத்துக்கு இந்த டிவி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. நெட்ஃப்ளிக்ஸில் 4கே வேண்டும் என்றால் 649 ரூபாய் பிரீமியம் திட்டம், 15 எம்பிபிஎஸ் வேகம். எங்கள் கிராமத்துக்கு ஃபைபர் வந்துவிட்டதால் அதில் பிரச்சினையில்லை. இருட்டில் எடுத்த காட்சிகளில் கறுப்புச் சட்டையின் மடிப்பு, இருட்டுக்குள் நிற்கும் ஆளின் முகம் எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. கறுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே இத்தனை படி இருக்கிறதா என்று தோன்றும்.

ஆனால் நம் வீடுகளில் பாதி நேரம் ஓடுவது கேபிள். அதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. எஸ்டி சேனலின் படம் 720-க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் அதன் ஒவ்வொரு புள்ளியையும் இருபதாக ஊதிப் பெரிதாக்க வேண்டும். என்ன பிராசஸர் போட்டாலும் இல்லாத விவரம் எங்கிருந்து வரும்? பழைய 43 அங்குல டிவியில் சுமாராகத் தெரிந்த சேனல் இதில் கொழகொழவென்று தெரிகிறது. கேபிள்காரரிடம் சொல்லி ஹெச்டி பாக்ஸ் மாற்றியதும் பாதி சரியானது. ஓஎல்இடி வாங்குகிற காசில் ஹெச்டி பாக்ஸுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.

இன்னொரு குறை, கேமரா பக்கவாட்டில் மெல்ல நகரும் காட்சிகளில் படம் தட்டித் தட்டிப் போகிற மாதிரி இருப்பது. சினிமா என்பது நொடிக்கு 24 சட்டகம். எல்சிடியில் புள்ளி மெதுவாக மாறுவதால் ஒரு சட்டகம் அடுத்ததோடு குழைந்து, தட்டல் மறைந்துவிடும். ஓஎல்இடியில் புள்ளி கண்ணிமைக்கும் நேரம்கூட எடுக்காமல் மாறுவதால் ஒவ்வொரு சட்டகமும் துல்லியமாக வந்து நின்று போகிறது. நகரும் காட்சியைச் சரிசெய்யும் ட்ரூமோஷன் மெனுவில் 'சினிமாட்டிக் மூவ்மெண்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் தட்டல் குறையும், படமும் சீரியல் மாதிரி வழுக்காது. 'ஸ்மூத்' பக்கம் போகாதீர்கள்.

திரையில் படம் பதிந்துவிடும் என்ற பயத்துக்கு வருவோம். ஓஎல்இடியில் எரிவது கரிமப் பொருள். எரிய எரியத் தேயும். ஒரே இடத்தில் ஒரே லோகோ வருடக்கணக்கில் எரிந்தால் அந்த இடம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து நிழல் மாதிரி நிற்கும். செய்தி சேனலின் சிவப்புப் பட்டை, மேல் மூலை லோகோ, ஓடும் எழுத்து எல்லாம் இதற்கு எமன். எங்கள் அப்பா காலை ஆறு மணிக்குச் செய்தி சேனல் வைத்தால் பத்து மணி வரை அது மாறாது. அம்மாவுக்குச் சாயங்காலம் வரிசையாக சீரியல்.

அதனால் பழைய 43 அங்குலத்தை எக்ஸ்சேஞ்சில் போடவில்லை. போட்டிருந்தால் கடையில் மதித்த விலை ஒரு மாதப் பெட்ரோல் செலவுக்குத்தான் ஆகியிருக்கும். அதை உள்ளறையில் மாட்டி, செய்திக்கு என்று ஒதுக்கினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான், "பெரிய டிவிய ஆசாரத்துல வெச்சுட்டு என்னய உள்ள போயி சின்னதுல பாக்கச் சொல்றியா கண்ணு?" என்று கேட்டார். பதில் இல்லை. சீரியல் பெரிய டிவியில்தான் ஓடுகிறது. ஓஎல்இடி கேர் மெனுவில் லோகோவின் வெளிச்சத்தைக் குறைக்கும் வசதியை முழுசாகப் போட்டு வைத்திருக்கிறேன். கேபிள் பார்க்கும்போது பிரகாசத்தையும் பாதிக்குக் கீழே வைத்திருக்கிறேன். பலவிதமாகப் பார்க்கும் வீட்டில் இது போதும். நாள் முழுக்கச் செய்தி மட்டுமே ஓடும் வீட்டுக்கும், கடையில் விளம்பரம் ஓட்டுவதற்கும் ஓஎல்இடி வேண்டவே வேண்டாம்.

இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். டிவி பார்த்து முடித்ததும் சுவரில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்போம். ஓஎல்இடிக்கு அது ஆகாது. மொத்தம் நான்கு மணி நேரம் ஓடியதும், ரிமோட்டில் அணைத்த பிறகு டிவி தானாகவே புள்ளிகளை அளந்து சரிசெய்துகொள்ளும். அதற்குச் சில நிமிடம் கரண்ட் வேண்டும். ரிமோட்டில் அணைத்துவிட்டு, பாத்திரம் கழுவி, வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து சுவிட்சை அணைத்தால் சரியாக இருக்கும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் சட்டம். இடி மின்னல் அடித்தால் மட்டும் சட்டமெல்லாம் கிடையாது; ப்ளக்கோடு கேபிள் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கிவிட வேண்டும். மின்னல் பாதி நேரம் கேபிள் ஒயர் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

ஸ்டெபிலைசர் ஒன்றையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். டிவியின் பின்னால் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சடித்தே இருக்கிறது. குறைந்த வோல்டேஜுக்காக அது தேவையில்லை. விசைத்தறி ஓடும் பல்லடம், சோமனூர்ப் பக்கம் வோல்டேஜ் திடீரென்று ஏறும் இடத்தில் இருப்பவர்கள், ஏறினால் துண்டிக்கும் வகையாகப் பார்த்து ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

சத்தம். நாற்பத்தைந்து மார்க் என்றேனே, அதுவும் கருணை மார்க்தான். இத்தனை மெலிசான டிவியில் ஸ்பீக்கர் கீழே பார்த்து இருக்கிறது. பாட்டு பரவாயில்லை. வசனம்தான் மாட்டிக்கொள்கிறது: பின்னணி இசை ஏறும்போது பேச்சு கிணற்றுக்குள் போய்விடும். 'கிளியர் வாய்ஸ்' போட்டால் பேச்சு முன்னால் வரும், ஆனால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஓஎல்இடி வாங்குகிறவர் பட்ஜெட்டில் இருபதாயிரமாவது சத்தத்துக்கு என்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஜி4 வாங்காமல் சி4 வாங்கி, மிச்சத்தில் சவுண்ட்பார் வாங்குவது புத்திசாலித்தனம். எனக்குப் படத்தைவிடச் சத்தத்தில்தான் வீட்டார் பாராட்டு கிடைத்தது.

சவுண்ட்பார் விற்கும்போது எல்லோரும் டால்பி அட்மாஸ், 5.1.2 என்று ஆரம்பிப்பார்கள். கடைசி '2' என்பது மேலே பார்த்து இருக்கும் இரண்டு ஸ்பீக்கர். சத்தத்தைக் கூரையில் அடித்து, அது திரும்பித் தலைக்கு மேலிருந்து வருகிற மாதிரி கேட்க வைப்பது அதன் வேலை. அதற்குத் தட்டையான, கெட்டியான கூரை வேண்டும். எங்கள் ஆசாரம் ஓட்டுக் கூரை, இரண்டு பக்கமும் சரிவு. மேலே போன சத்தம் ஓட்டிலும் கைமரத்திலும் பட்டுச் சிதறி எங்கேயோ போய்விடும். கடைக்காரர் அதையெல்லாம் கேட்கவில்லை, "அட்மாஸ் இல்லீன்னா எப்புடிங்ணா" என்றார். நான் 3.1 வாங்கினேன். நடுவில் வசனத்துக்கென்று தனி ஸ்பீக்கர், ஓரமாக ஒரு சப்வூஃபர். அம்மாவுக்குச் சீரியலில் மாமியார் முணுமுணுப்பதுகூட இப்போது புரிகிறது. தார்சு (தட்டையான கான்கிரீட் கூரை) வீட்டுக்காரர்கள், கூரை பத்தடிக்குள் இருந்தால், அட்மாஸ் பார் கேட்டுப் பார்க்கலாம்.

சவுண்ட்பாரை டிவியில் 'ஈஆர்க்' (டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் வழி) என்று எழுதியிருக்கும் ஹெச்டிஎம்ஐ போர்ட்டில்தான் செருக வேண்டும். ஓடிடி மட்டும் பார்க்கிறவர் பாரில் ஈஆர்க் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஓடிடியில் வரும் அட்மாஸ் சாதாரண ஆர்க் வழியாகவே போகும். ப்ளூரே தட்டு வைத்திருப்பவருக்குத்தான் ஈஆர்க் கட்டாயம்.

விலை விஷயம். 2025 செப்டம்பர் 22-லிருந்து 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பத்து சதவீதம் குறைந்தது என்று பேனர் கட்டினார்கள். கணக்குப் போட்டால் பில்லில் குறைவது எட்டு சதவீதத்துக்கும் சற்றுக் கீழே: 1,28,000 என்பது 1,18,000 ஆகும், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய இறக்கம் புது மாடல் வந்த பிறகு பழைய மாடலில் கிடைப்பது. சி4-க்கும் சி5-க்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஷேடு பார்த்துச் சம்பாதிக்கிற ஆள் சொல்கிறேன். கார்டு தள்ளுபடியெல்லாம் போக, ஒரு லட்சத்து இருபதாயிரத்தை ஒட்டி முடிந்தது. வட்டியில்லாத் தவணை என்பதில் பிராசஸிங் ஃபீஸும், வட்டிப் பங்குக்கு ஜிஎஸ்டியும் கார்டு பில்லில் தனியாக வரும். கையில் காசு இருந்தால் ஒரே தடவையாகக் கட்டி, அதற்கொரு தள்ளுபடி கேளுங்கள். கூடுதல் வாரண்டி விற்க வந்தால், படம் பதிந்தால் அதில் வருமா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் வராது.

கொண்டுவருவதற்குக் கடையிலேயே குட்டியானை அனுப்பினார்கள். பெட்டியைப் படுக்கப் போட விடாதீர்கள். நிறுத்தித்தான் வர வேண்டும், இரண்டு பேர்தான் இறக்க வேண்டும். மேல் பாதி அட்டை மாதிரி மெலிசு, அங்கே கை வைத்து அழுத்தினால் அத்தோடு போச்சு.

மச்சான் வீட்டுக்கு வருவோம். காங்கேயத்தில் புது வீடு, முன்பக்கம் இரண்டு பெரிய ஜன்னல், மேலே கண்ணாடி வைத்த வெளிச்சத் திறப்பு. பகலில் கிரிக்கெட், ராத்திரி செய்தி. சி4 சின்ன இடத்தில் ஆயிரம் நிட்டை (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) ஒட்டிப் போகும். திரை முழுக்க வெளிச்சமானால் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கொடுக்கும். பகல் மேட்ச், வெள்ளைச் சட்டை டெஸ்ட் எல்லாம் அந்த ஆசாரத்தில் மங்கல்தான். அவருக்கு மினி எல்இடி சொன்னேன். பின்னால் நூற்றுக்கணக்கான பகுதிகளாக விளக்கு, வேண்டாத இடத்தில் மட்டும் அணையும். இருட்டில் எழுத்தைச் சுற்றி அந்தப் புகை கொஞ்சம் தெரியும், ஆனால் அவர் இருட்டில் பார்ப்பதே இல்லை. 65 அங்குலம், என்னுடைய 55-ஐவிடக் குறைந்த விலையில் முடிந்தது. இப்போது வரும்போதெல்லாம் என் டிவியைப் பார்த்து "சின்னதா இருக்குதே மாப்ள" என்கிறார்.

அதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் முதலில் உட்கார்ந்தது திரையிலிருந்து ஒன்பதடி தள்ளி. 55 அங்குலத்துக்கு ஏழடி சரியாக இருக்கும், 65-க்கு எட்டரை ஒன்பது. 65 சி4 எங்கள் பட்ஜெட்டைத் தாண்டியது. 65 பி4 எட்டியிருக்கும். ஆசாரம் நீளமாக உள்ளவர்கள், வெளிச்சம் குறைவு என்றால், சி4 55-க்கும் பி4 65-க்கும் நடுவே யோசிக்காமல் பெரியதை எடுங்கள். நாங்கள் சோபாவை இரண்டடி முன்னால் தள்ளிவிட்டோம். அம்மாவுக்கு நடைபாதை குறுகிவிட்டது என்று வருத்தம்.